கொள்ளு மிதித்த வழக்கு

பிள்ளைகளா, உங்கள் மாமன் எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும், பந்தியில் இரண்டாவது முறை ரசம் கேட்கிற நேரத்தில், "உங்கப்பன் மைசூர் சமஸ்தானத்துல கேசு வாங்கின ஆளு, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறார். போன மாதம் சின்னவன் என்னிடம் வந்து, "ஜெயில்ல களி போட்டாங்களாப்பா?" என்று கேட்டான். களி நம் வீட்டிலேயே தினமும் போடுகிறார்கள். அதற்காக ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. நடந்ததை நானே எழுதி வைத்துவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

யுத்தம் தொடங்கியிருந்த சமயம் அது. காரிமங்கலத்தில் ஒரு மண்டிக்காரரிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வெல்லம், நிலக்கடலை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் போவேன். அங்கே இறக்கிவிட்டு, கிடைத்த சரக்கோடு திரும்புவேன். ஓசூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நம் சென்னை மாகாணம் முடிந்து மைசூர் சமஸ்தானம் வந்துவிடும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே புளியமரம், அதே ராகிக்காடு, அதே செம்மண். போலீஸ்காரர் தலைப்பாகை மட்டும் வேறாக இருக்கும்.

வாரத்தில் பாதி நாள் வண்டியிலேயே கழியும். பெரியவனுக்கு அப்போது நடை பழகுகிற வயது. நான் வாசலில் வந்து நின்றால் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு அழுவான். "யாரோ மீசைக்காரரு வந்திருக்காரு கண்ணு, தண்ணி வேணுமான்னு கேளு" என்று உங்கள் அம்மா என்னைக் கேலி செய்வாள். சிரிப்பேன். ஆனால் சாப்பிடும்போது ஊட்டக் கூப்பிட்டாலும் அவன் என் பக்கம் வர மாட்டான்.

அந்த நேரத்தில்தான் முதலாளி தர்மபுரியிலிருந்து பென்னாகரத்துக்கு ஒரு பஸ் விட ஏற்பாடு செய்தார். காலையில் எடுத்தால் பொழுது சாய வண்டி தர்மபுரியில், நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே, வந்து நின்றுவிடும். டிரைவர் தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். எனக்கு அதன் மேல் கண். முதலாளியும் மறுக்கவில்லை.

"பஸ்சு உனக்குத்தான்யா. ஆனா ஒண்ணு. இது ஜனங்க ஏறுற வண்டி. மேல இருக்கறவங்க உன் லைசென்சைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. அதுல ஒரு வரி எழுதியிருந்தாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

டிரைவர் தப்புச் செய்தால் மாஜிஸ்திரேட் அதை லைசென்சிலேயே எழுதிவிடுவார். என்னுடையதில் அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. அது ஒன்றுதான் என் சொத்து.

இனி கொள்ளுக்கு வருகிறேன். பென்னாகரம் ரோட்டில் இன்றைக்கும் நீங்கள் பார்க்கிறீர்கள். காட்டில் பிடுங்கிய கொள்ளுச் செடியைக் கொண்டுவந்து ரோட்டில் பாதி அகலத்துக்குப் பரப்பிவிடுவார்கள். மோட்டார் வண்டி ஏறிப் போனால் காய் வெடித்துப் பருப்பு உதிர்ந்துவிடும். மாட்டு வண்டி ஏறினால் இரும்புப் பட்டை பருப்பை நொறுக்கிவிடும். ரப்பர் டயர் தோலை மட்டும்தான் பிளக்கும். கட்டையால் அடித்தால் இரண்டு நாள் ஆகிற வேலை. அதனால் வண்டிச் சத்தம் கேட்டதும், "அண்ணா, ஒரு மிதி மிதிச்சுட்டுப் போங்கண்ணா" என்று குரல் வரும். முன்னால் ஒரு நடை, பின்னால் ஒரு நடை, திரும்ப முன்னால் ஒரு நடை. எந்தப் பக்கம் பரப்பியிருந்தாலும் அந்தப் பக்கம் போய் மிதித்துக் கொடுப்போம். நானும் காட்டில் கட்டை பிடித்து அடித்தவன்தானே. அந்தத் தோள் வலி எனக்குத் தெரியும். ரோட்டில் கொள்ளு கிடந்தால் கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும்.

தை மாதத்தில் ஒரு நாள் முற்பகல். பெங்களூரிலிருந்து பாதிப் பாரத்தோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கிளீனர் காய்ச்சல் என்று வரவில்லை, தனியாகத்தான் வந்தேன். நம் எல்லைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. வலது பக்கத்தில், ஒரு காட்டு ஓரமாக, பாதி ரோட்டுக்குக் கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. நன்றாகக் காய்ந்து பழுப்பேறிய செடி. பக்கத்தில் ஒரு அம்மா குச்சியோடு நின்றுகொண்டிருந்தாள். எதிரே வண்டி இல்லை. எந்தச் சமஸ்தானம் என்றெல்லாம் எனக்கு நினைவே வரவில்லை. வலது பக்கம் ஒதுக்கி, மெதுவாக ஒரு நடை மிதித்தேன். பின்னால் எடுத்து ஒரு நடை. அதற்குள் அவள் குச்சியால் செடியைப் புரட்டிப் போட்டாள். மறுபடி முன்னால் ஒரு நடை. நல்ல காரியம் செய்த திருப்தியோடு இடது பக்கம் வந்து புறப்பட்டேன்.

மதகு தாண்டியதும் புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு தபேதார் கையைக் காட்டினார். அங்கே ஏட்டு மாதிரி இருப்பவரைத் தபேதார் என்பார்கள். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார்.

"நில்லப்பா! என்ன ஓட்டறே நீ? தப்புப் பக்கத்துல முன்னால போறே, பின்னால வர்றே, மறுபடி முன்னால போறே. ரோடு என்ன உனக்கு ஊஞ்சலா?"

"கொள்ளு மிதிச்சேனுங்க."

"எங்கே கொள்ளு?"

திரும்பிப் பார்த்தேன். ரோடு கூட்டிவிட்ட மாதிரி கிடந்தது. தபேதாரைப் பார்த்ததும் அந்த அம்மா எல்லாவற்றையும் படுதாவில் வாரிக்கொண்டு போய்விட்டாள்.

"இப்பத்தான் இருந்துச்சுங்க. ஒரு அம்மாகூட நின்னுட்டிருந்தாங்க."

"எங்கே அம்மா?"

அம்மாவும் இல்லை. ஒரு காக்கை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

"கொள்ளும் இல்லே, அம்மாவும் இல்லே. ஊது, பார்க்கலாம்" என்று முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தார். நான் காலையில் குடித்தது முந்தின நாள் புளிக்கவைத்த ராகிக்கூழ், கடித்துக்கொண்டது பச்சை வெங்காயம். ஊதினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"ராகிக்கூழுங்க" என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றார்.

தப்பான பக்கத்தில் மூன்று முறை ஓட்டினதாகவும், குடித்திருந்ததாகச் சந்தேகம் என்றும் எழுதினார். லைசென்சை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தார். கோர்ட்டில் ஆஜராகிற நாள் வரைக்கும் அதைக் காட்டி வண்டி ஓட்டலாம். ஆஜராக வேண்டிய ஊர் எல்லைக்கு அப்பால் இருந்த ஒரு தாலுகா ஊர். மனுஷரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"கொள்ளு மிதிச்சதுக்குக் கேசா? அப்ப நம்மூர்ல களத்துல மிதிக்குற மாட்டுக்கெல்லாம் என்னா பண்ணுவாங்களாம்?" என்றாள் முதலில். பிறகு அவளுக்கு விஷயம் உறைத்தது. "அப்ப பஸ்சு?" என்று கேட்டாள். சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துக் காட்டினேன்.

முதலாளி ஒரு யோசனை சொன்னார். "தூக்கக் கலக்கம்னு சொல்லிடுய்யா. தூங்கிட்டேன், வண்டி அந்தப் பக்கம் போயிடுச்சுன்னு."

"ஒருக்கா போனா சரிங்க. ரிவர்ஸ்ல வந்தேனே? யாருங்க தூக்கத்துல ரிவர்ஸ் எடுப்பாங்க?"

முதலாளி தலையைச் சொறிந்தார். குறுக்கே பன்றி வந்தது, பிரேக் இழுத்துக்கொண்டது என்று நானும் எதையெதையோ யோசித்துப் பார்த்தேன். எல்லாம் முதல் நடைக்குச் சரியாக வந்தது. மூன்றுக்கும் சேர்த்துப் பொருந்துகிற மாதிரி ஒரு பொய்யும் எனக்கு அகப்படவில்லை. உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொல்ல அந்த அம்மா வேண்டும்.

அடுத்த நடை பெங்களூர் போகும்போது அதே காட்டருகே இடது பக்கம் ஒழுங்காக ஒதுக்கி நிறுத்திவிட்டு இறங்கினேன். அவள் முறத்தில் கொள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் அத்தை வயது இருக்கும். அந்தப் பக்கத்து ஜனங்கள் தமிழும் பேசுவார்கள்.

"அம்மா, அன்னிக்குக் கொள்ளு மிதிச்சுக் குடுத்தனே, அந்த லாரிக்காரனுங்க."

"எந்த லாரி? எந்தக் கொள்ளு?"

"உங்க முறத்துல இருக்குதே, அதேதானுங்க."

"இது கட்டையில அடிச்சது."

நடந்ததையெல்லாம் சொல்லி, ஒரு நடை கோர்ட்டுக்கு வந்து சொன்னால் போதும் என்று கேட்டேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனப்பா, ரோட்டுல எதையாவது காய வெச்சா அபராதம்னு ரோட்டு ஓவர்சியர் போன மாசந்தான் ஊர் ஊரா சொல்லிட்டுப் போனாரு. நான் கோர்ட்டுக்கு வந்து, ஆமா சாமி, நானேதான் பரப்பினேன்னு சொல்லிட்டு வரணுமா? உன்னை நான் கூப்பிட்டனா? நீயா வந்தே, நீயா மிதிச்சே, நீயா போனே."

"கூப்பிடலைங்கம்மா. ஆனா மூணாவது நடைக்குக் குச்சியால செடியைப் புரட்டிப் போட்டீங்களே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"குடிச்சிருந்தேன்னு எழுதிட்டாங்கம்மா."

"குடிச்சிருந்தியா?"

"கூழு குடிச்சிருந்தேன்."

"போ போ. எனக்கு வேலை இருக்குது."

கோர்ட்டு நாளை மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறினேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வெள்ளைப் பக்கத்தைக் காப்பாற்ற அவள் எதற்காக அபராதம் கட்ட வேண்டும்?

ஆஜராகிற நாள் வந்தது. உங்கள் அம்மா என் காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். "இன்னிக்குக் கூழு குடிக்காதீங்க" என்று சொல்லி, வெறும் மோர் கொடுத்து அனுப்பினாள். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். கோர்ட்டு வராந்தாவில் என்னைப் போலவே கையில் சீட்டோடு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கில்லாமல் வண்டி ஓட்டின ஒருத்தர் எனக்கு வெற்றிலை கொடுத்தார். வாய் நாற்றத்துக்குப் பயந்து வேண்டாம் என்றேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் சரிகைத் தலைப்பாகை கட்டியிருந்தார். சத்தம் போடாத மனுஷர். தமிழ் நன்றாகப் பேசினார். தபேதார் எழுதினதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தப்பான பக்கத்தில் ஒரு முறை போனால் தவறு என்று சொல்லலாம். மூன்று முறை போயிருக்கிறாய். குடித்திருந்தாயா?"

"இல்லீங்க சாமி. கொள்ளு மிதிச்சேனுங்க."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நம்மூர் வழக்கத்தைச் சொன்னேன். முன்னால் ஒரு நடை, பின்னால் ஒரு நடை என்று கையால் காட்டிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "யாருடைய கொள்ளு?" என்றார்.

எனக்குத் தெரியும். சொன்னால் அவளையும் பிடித்து நிறுத்துவார்கள். சொல்லாவிட்டால் நான் குடிகாரன். லைசென்சு மேசைமேல் திறந்தபடி கிடந்தது. அவர் பேனா அதன் பக்கத்தில் இருந்தது.

"என்னுதுங்க மகாஸ்வாமி" என்று வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது.

அவள்தான். இடுப்பில் ஒரு துணி மூட்டை. சேவகன் தடுக்கத் தடுக்க உள்ளே வந்துவிட்டாள். வந்தவள் முதலில் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"உனக்காக வரல நானு. குடிகாரன் மிதிச்ச கொள்ளுன்னு ஊரெல்லாம் பேசறாங்க. சந்தையில எவன் வாங்குவான்?" பிறகு மாஜிஸ்திரேட்டிடம், "இவன் குடிக்கலீங்க மகாஸ்வாமி. குடிச்சவன் இப்படி மிதிப்பானா, நீங்களே பாருங்க" என்று மூட்டையை அவிழ்த்து மேசை ஓரத்தில் வைத்தாள்.

அவர் ஒரு பிடி எடுத்து, ஒரு காகிதத்தில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"உடையவில்லை" என்றார்.

"ஒண்ணுகூட உடையலீங்க. அது மட்டுமா? கொள்ளுக்குப் பக்கத்துலயே ராகி காய வெச்சிருந்தேன். அரை முழந்தான் எடம். அதும் மேல ஒரு சக்கரம் படல."

"ராகியும் ரோட்டில்தான் இருந்ததா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்தத் தடவை மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். தபேதாரைப் பார்த்து, "கொள்ளு இருந்ததா?" என்று கேட்டார். தபேதார் நேர்மையான ஆள். "தூரத்தில் ஏதோ கிடந்த மாதிரிதான் இருந்தது, போய்ப் பார்க்கவில்லை" என்றார். "சக்கரத்தில் ஏதோ காய்த் தோல் ஒட்டியிருந்தது" என்றும் அவராகவே சொன்னார்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கையில் எடுத்தார். எழுதவில்லை. என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"எதிரே ஒரு வண்டி வேகமாக வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"நின்னிருப்பேனுங்க சாமி."

"நீ நின்றிருப்பாய். அவன் நின்றிருப்பானா?"

அதுவரை ஒருநாளும் நான் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. நம் ரோட்டில் வருகிறவர்கள் எல்லாருக்கும் கொள்ளு என்றால் என்னவென்று தெரியும். தெரியாதவனும் வருவான் அல்லவா?

"குடித்ததாகச் சொன்னதைத் தள்ளிவிடுகிறேன். தப்பான பக்கம் போனதற்கு அபராதம் உண்டு. லைசென்சில் எதுவும் எழுதவில்லை" என்று சொல்லிவிட்டு லைசென்சை மூடி என் பக்கமாகத் தள்ளினார். அவளைப் பார்த்து, "இந்தத் தடவை எச்சரிக்கை. இனிமேல் ரோட்டில் போடாதே" என்றார்.

"ரோடு எங்க காட்டை ரெண்டா வெட்டிட்டுப் போவுதுங்க மகாஸ்வாமி. நாங்க எங்கதான் போடறது?" என்றாள். அதற்குள் சேவகன் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டான்.

அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன். அவள் படியில் உட்கார்ந்து மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பிடி குறையுது. காயிதத்துல பரப்பினாரே, அதை அப்படியே வெச்சுக்கிட்டாரு."

"போய்க் கேளுங்களேம்மா."

"யாரு, நானா? ராகியைச் சொல்லி மாட்டினது பத்தாதா?" என்று எழுந்து முந்தானையை உதறினாள். "இன்னும் பாதிச் செடி காட்டுல நிக்குது. நீ பெங்களூருக்குப் போறப்போ என் காடு உனக்கு இடப்பக்கந்தானே வரும்? சரியான பக்கந்தானே அது?"

"இனிமே பஸ்சு ஓட்டப் போறேனுங்கம்மா. இந்தப் பக்கம் வர மாட்டேன்."

"பஸ்சா? அப்பச் சரி. நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வீடு வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். உங்கள் அம்மா கையை நீட்டினாள். லைசென்சை வாங்கித் திறந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வெள்ளைக் காகிதம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்க்கப் படிப்பு எதற்கு? பார்த்துவிட்டு, "கூழு ஊத்தட்டுங்களா?" என்றாள்.

பஸ் எனக்குக் கிடைத்தது. பென்னாகரம் ரோட்டில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகும்போது இடது பக்கம் கொள்ளு கிடந்தால் மிதிப்பேன், வலது பக்கம் கிடந்தால் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவேன். ஆரம்பத்தில் திட்டினார்கள். பிறகு அவர்களே நான் வருகிற பக்கம் பார்த்துப் பரப்பக் கற்றுக்கொண்டார்கள். பெரியவன் பத்து நாளைக்குள் என் மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். மைசூர்க் கேசு இவ்வளவுதான். மாமன் அடுத்த கல்யாணத்தில் ஆரம்பித்தால் ராகி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று மட்டும் யாருக்கும் தெரியாது. லாரியைப் புது டிரைவரிடம் ஒப்படைக்கிற அன்று, மண்டி திறப்பதற்கு முன்பே போய் ஷெட்டில் வண்டியைத் துடைத்தேன். கிரீஸ் பார்க்க அடியில் படுத்தபோது, பின்சக்கரத்தைச் சுழற்றுகிற நடுத்தண்டில் அந்த அம்மாவின் கொள்ளுக் கொடி கயிறு மாதிரி முறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. பேனாக்கத்தியால் அறுத்து, பிரித்துப் பிரித்து எடுத்தேன். அதற்குள் வெடிக்காத காய் இரண்டு மூன்று இருந்தன. மல்லாந்து படுத்தபடியே உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். தோலை ஊதிவிட்டுப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டேன். கல் மாதிரி இருந்தது, பல்லுக்கு அடங்கவில்லை. வண்டிக்கு அடியில் அப்படியே படுத்துக்கொண்டு, அது ஊறி மெத்தென்று ஆகிறவரைக்கும் வாயிலேயே வைத்திருந்தேன்.